நாயகன் கெட்டவனாக இருந்த காலம்

சிவாஜி கணேசன் என்றதும் நமக்குக் கட்டபொம்மனும் கர்ணனும் வ.உ.சி.யும் அப்பரும்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அடுத்து, தங்கைக்காக உருகும் அண்ணனும் குடும்பத்துக்காகத் தேயும் தகப்பனும் வருகிறார்கள். இந்த வரிசை பொய்யில்லை. ஆனால் இது 1959க்குப் பிறகு உருவாகி, பின்னால் போய் முந்தைய படங்களையும் மூடிக்கொண்ட வரிசை. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வெளிவந்ததிலிருந்து அடுத்த ஆறு ஆண்டுப் படங்களை வெளியான வரிசையில் பார்த்தால் வேறொரு நடிகர் தெரிகிறார். பெண்பித்தன், தேசத்துரோகி, நண்பன் மனைவியை இச்சிப்பவன், நல்ல நிலையில் இருக்கும் மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊரை நம்ப வைப்பவன் என அவர் ஏற்ற வேடங்கள் பல. இவற்றை ஏற்றபோது அவர் ஓரத்தில் நின்ற வில்லன் நடிகர் அல்லர். படத்தின் விளம்பரத்தில் முதல் பெயர் பெரும்பாலும் அவருடையதுதான். முதன்மை நாயகன் முழுக் கெட்டவனாகத் திரையில் நிற்கலாம் என்ற வழக்கம் தமிழ் சினிமாவில் உண்மையாகவே இருந்தது, பிறகு தேய்ந்து போனது என்பதே என் வாதம். அது தேய்ந்ததற்குக் காரணம் நடிகரின் விருப்பம் மாறியதோ மக்களின் ஒழுக்க உணர்ச்சி கூடியதோ அல்ல. நட்சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த வியாபாரமும் அரசியலும்தான்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் இயக்கி, கலைஞர் மு.கருணாநிதி எழுதிய ‘திரும்பிப் பார்’ 1953இல் வந்தது. ‘பராசக்தி’யில் சமூக அநீதியைக் கூண்டில் நின்று சாடிய குணசேகரனைக் கண்டு ஊரே கைதட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. அதே நடிகர், அதே வசனகர்த்தா. ஆனால் இந்தப் படத்தின் பரந்தாமன் பெண்களை ஏமாற்றுவதைத் தொழிலாகக் கொண்டவன். படித்தவன், பேச்சில் தேர்ந்தவன். அந்தப் பேச்சுத்தான் அவன் ஆயுதம். ‘பராசக்தி’யில் நியாயத்தின் பக்கம் நின்ற அடுக்குமொழி இங்கே அநியாயத்துக்கு வக்காலத்து வாங்குகிறது, அதே மிடுக்கோடு, அதே ஏற்ற இறக்கத்தோடு. இதில் கவனிக்க வேண்டிய இன்னொருவர் பண்டரிபாய். ‘பராசக்தி’யில் திருட வந்த குணசேகரனை நிறுத்தி அறிவு சொல்லும் விமலா அவர்தான், ‘திரும்பிப் பா’ரில் உடன்பிறந்தாளாகப் பரந்தாமனை மீட்கப் போராடுபவரும் அவர்தான், அடுத்து ‘அந்த நா’ளில் கணவனுக்கு எதிரே நிற்கும் மனைவியும் அவர்தான். மூன்று படங்களிலும் நாயகனுக்கு இல்லாத மனசாட்சி அந்த அம்மையாரின் முகத்தில் குடியிருக்கிறது. இந்த அமைப்பு வசதியானது. நல்லதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பதால், நாயகன் நல்லவனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

‘அந்த நாள்’ 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் என்பது எல்லோரும் சொல்லும் பெருமை. அதைவிடத் துணிச்சலான காரியம் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது: துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுந்து சாகிறார். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டுப் போன மறுநாள் காலை அது. செத்தவன் ராஜன், ரேடியோ எஞ்சினீயர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுக்கக் கொடுக்க, செத்தவன் எதிரிக்கு ரகசியம் விற்ற உளவாளி என்பது வெளிவருகிறது. அவனுடைய கண்டுபிடிப்புக்கு ஆதரவு கிடைக்காமல் போனது, அதனால் நாட்டின் மேலேயே வன்மம் கொண்டான் என்று படம் காரணம் காட்டுகிறது. காரணம் காட்டுகிறதே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் திருந்துவதில்லை; மனைவி கையிலிருந்த துப்பாக்கியாலேயே சாகிறான். எஸ்.மாருதிராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டிலும் பாதி வெளிச்சத்திலுமாக நிற்கும் ராஜனைப் பாருங்கள். ஒருவர் கதையில் அவன் கடுகடுத்த அண்ணன், இன்னொருவர் கதையில் குழையும் காதலன். சொல்பவர் மாறும்போது ஆளும் மாற வேண்டும், ஆனால் எல்லாம் ஒரே ஆள் என்று நம்பவும் வேண்டும். குரலை உயர்த்தாமல், தோளையும் பார்வையையும் வைத்தே அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறார். சிவாஜி மிகையாகவே நடிப்பார் என்று முடிவு கட்டியவர்கள் இந்தப் படத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இது ஒற்றைப் படத்தின் விநோதம் அல்ல. அதே 1954இல் ‘துளி விஷம்’ படத்தில் கே.ஆர்.ராமசாமிக்கு எதிரே வில்லன். டி.ஆர்.ராமண்ணாவின் ‘கூண்டுக்கிளி’யில், எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நடித்த ஒரே படத்தில், நண்பனின் மனைவியை அடையத் துடிப்பவர் அவர்தான். அந்த வருடத்திலேயேதான் ‘மனோகரா’வும் ‘தூக்குத் தூக்கி’யும் வந்து அவர் மார்க்கெட்டை உச்சத்தில் வைத்தன. 1956இல் அறிஞர் அண்ணாவின் கதையில் ‘ரங்கோன் ராதா’. அதில் கோட்டையூர் தர்மலிங்க முதலியார் மச்சினியின் மேலும் சொத்தின் மேலும் ஆசை வைத்து, மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கதை கட்டிவிட்டு மந்திரவாதியை அழைக்கிறார். ஊரில் பெரிய மனுஷர், பேச்சில் பக்தி. பானுமதியின் பயம் ஏறிய கண்களுக்கு முன்னால் அந்த ஆள் காட்டும் அக்கறை இருக்கிறதே, அதைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். அதே ஆண்டு ‘பெண்ணின் பெருமை’யில் ஜெமினி கணேசன் நல்லவர், இவர் எதிர்ப்பக்கம். 1958இல் ‘உத்தம புத்திர’னில் நல்ல பார்த்திபனும் கொடிய விக்கிரமனும் இவரே.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? முதல் காரணம் பாய்ஸ் கம்பெனி. சிறுவனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சேர்ந்தவர் கணேசன். சீதையாகவும் வேடம் கட்டியவர். நாடகக் கம்பெனியில் யாருக்கும் நிரந்தர முகம் கிடையாது. வாத்தியார் எந்த வேடத்தைக் கொடுத்தாலும் கட்ட வேண்டும், குரல் உடைந்தால் வேடமும் மாறும். ஒருவன் கட்டும் வேடத்துக்கும் அவன் குணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. இரண்டாவது காரணம் வசனம். அந்தக் காலத்தில் எழுத்தாளரின் பெயர் படத்தை விற்றது. நல்லவனோ கெட்டவனோ, நீண்ட வசனத்தை மூச்சு விடாமல், ஒரு எழுத்துக்கூட நழுவாமல் பேசும் ஆள்தான் வேண்டும். மூன்றாவது, இதற்கு ஒரு முன்மரபும் இருந்தது. 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதரே பெற்றோரைத் துரத்திவிட்டுத் தாசியின் பின்னால் போகும் பிள்ளைதான். ஆனால் ஹரிதாஸைக் கடவுள் திருத்தி ஆட்கொண்டுவிடுகிறார். ஐம்பதுகளில் அந்தக் கடவுளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாவம் மட்டும் மிஞ்சியது, அதன் விளைவும் மிஞ்சியது. ‘பராசக்தி’யை எடுத்த அதே நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளும் அதே கிருஷ்ணன்–பஞ்சுவும் 1954இல் எம்.ஆர்.ராதாவைக் கெட்ட நாயகனாக வைத்து ‘ரத்தக்கண்ணீர்’ எடுத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டுக்குள் என்ன மாறியது என்பதற்கு ஜாவர் சீதாராமனின் பேனாவே நல்ல சாட்சி. ‘அந்த நா’ளை எழுதிய அவர் 1962இல் ‘ஆலயமணி’க்கு எழுதினார். அதிலும் சிவாஜிக்குள் ஒரு மிருகம் உண்டு. பொறாமை முற்றி நண்பனைக் கொல்லும் அளவுக்குப் போகிறார். ஆனால் அதற்கு முன்கூட்டியே சிறு வயதில் ஒரு பொம்மைக்காக நடந்த சம்பவத்தைச் சொல்லி நம் இரக்கத்தை வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் மனம் திரும்பவும் வைக்கிறார்கள். 1964இல் சிவாஜி பிலிம்ஸ் எடுத்த ‘புதிய பறவை’ இன்னும் தெளிவான உதாரணம். நாயகன் கோபால் மனைவியின் சாவுக்குக் காரணமானவன், அதை மறைத்தவன். கதையின் எலும்பு ‘அந்த நா’ளை விடச் சாதுவானதல்ல. ஆனால் அந்தச் சாவு கொலையாக நிற்க விடப்படவில்லை. மனைவி அடங்காதவள், அவமானப்படுத்துபவள். அவன் ஆத்திரத்தில் அடித்தது ஒரு அடி. அவளுக்கோ இதயம் பலவீனம். அழகான படம், நடிப்பும் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் 1954இல் ராஜனுக்குக் கிடைக்காத சலுகை கோபாலுக்கு ஏன் தேவைப்பட்டது? ராஜனைப் படம் பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது; கோபாலுக்குப் படமே வக்கீலாக நிற்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. கெட்ட நாயகனை மக்கள் ஏற்கவில்லை, ‘அந்த நா’ளும் ‘கூண்டுக்கிளி’யும் ஓடவில்லையே, பிறகு யார் எடுப்பார்கள் என்பது முதல் மறுப்பு. ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் ‘அந்த நா’ளில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை, இத்தனை பழக்கங்களை ஒரே படத்தில் உடைத்துவிட்டு, தோல்விக்குக் காரணம் நாயகனின் குணம்தான் என்று எப்படிச் சொல்வது? ‘கூண்டுக்கிளி’க்கு நேர்ந்தது இரு தரப்பு ரசிகர்களின் மோதல். அது கெட்டவன் வேடத்தின் மேல் வந்த வெறுப்பு அல்ல, வேடத்தை நடிகரோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தின் முதல் அடையாளம். மறுபக்கம், ‘உத்தம புத்திரன்’ நன்றாக ஓடியது, அதில் பார்த்திபனைவிட விக்கிரமனைத்தான் மக்கள் ரசித்தார்கள். இரண்டாவது மறுப்பு, புதுமுகமாக இருந்தபோது வந்ததை ஏற்றார், பிறகு தேர்ந்தெடுக்கும் நிலை வந்ததும் விட்டார் என்பது. 1953க்கு இது ஓரளவு பொருந்தும். ‘மனோகரா’வுக்கும் ‘தூக்குத் தூக்கி’க்கும் பிறகு வந்த ‘ரங்கோன் ராதா’வுக்குப் பொருந்தாது. 1956இல் சிவாஜிக்கு வேறு வேடமா கிடைக்கவில்லை? மூன்றாவது மறுப்பு 1968இன் ‘உயர்ந்த மனிதன்’: அதில் நாயகன் குற்றவாளிதானே என்பார்கள். ஜாவர் சீதாராமனின் எழுத்தில் அதுவும் பெரிய நடிப்பு. ஆனால் ராஜலிங்கத்தின் குற்றம் கோழைத்தனம். தந்தையை எதிர்க்க முடியாமல், தீயில் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். பலவீனனைப் பார்த்து இரங்கலாம். தீமையை விரும்பிச் செய்பவனைப் பார்க்கும்போது இரக்கத்துக்கு வழியில்லை, அங்கேதான் பார்வையாளருக்குச் சோதனை.

அப்படியானால் மாற்றம் எதனால்? எம்.ஜி.ஆர். 1954இன் ‘மலைக்கள்ள’னிலிருந்து 1958இன் ‘நாடோடி மன்ன’னுக்குள் திரையில் தீங்கு செய்யாத, குடிக்காத, ஏழைக்குத் துணை நிற்கும் ஒரு முகத்தைப் படத்துக்குப் படம் கட்டினார். அரசியலில் அதற்குக் கிடைத்த பலனை நாடு கண்டது. அப்படி ஒருவர் நிற்கும்போது எதிரே நிற்பவரின் வேடமும் அளவெடுக்கப்படும். சிவாஜிக்கும் அரசியல் காயம் பட்டிருந்தது. பகுத்தறிவு பேசிய இயக்கத்தோடு இருந்தவர் திருப்பதி போய்வந்ததற்காக, அவர் நடித்த ‘திரும்பிப் பார்’ தலைப்பையே வைத்து அவரைக் கேலி செய்து சுவரில் எழுதினார்கள். தீராத இச்சை கொண்டவனாக அவர் நடித்த ஒரு படத்தின் பெயர் அவர் மேலேயே வீசப்பட்டது! அதன் பிறகு ரசிகர் மன்றங்கள் பெருகின. படம் பூஜை போடும்போதே ஏரியா விலை பேசும் வியாபாரத்தில் விநியோகஸ்தர் வாங்குவது கதையை அல்ல, போன படத்தின் முகத்தை. அந்த முகத்தில் கறை இருந்தால் விலை பேச முடியாது. பீம்சிங்கின் ‘பாவ மன்னிப்’பும் ‘பாசமல’ரும் 1961இல் பெற்ற வெற்றி இந்தக் கணக்கை உறுதியாக்கியது. அவை சிறந்த படங்கள். ஆனால் அவற்றின் வெற்றி ஒரு அச்சாகிவிட்டது, மற்ற அச்சுகள் பரணில் ஏறின.

இதில் இழந்தது யார்? சிவாஜி இழந்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நடிக்க வேறு ஆயிரம் இருந்தது. இழந்தது தமிழ்ப் படக் கதை. நமக்குப் பிடித்த முகம் தவறு செய்யும்போது நம் மனம் அந்தத் தவறின் பக்கம் எவ்வளவு தூரம் சாயும் என்பதைச் சோதிக்கும் கதை, வில்லனுக்கென்று தனி நடிகரை ஒதுக்கியதோடு நின்றுபோனது. நம்பியாரும் வீரப்பாவும் திரையில் தோன்றிய கணமே யார் கெட்டவர் என்று தெரிந்துவிடும்; கண்டுபிடிக்க நமக்கு வேலையே இல்லை. தர்மலிங்க முதலியாரையும் ராஜனையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

‘கர்ணன்’ 2012இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையரங்குக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. அதே உழைப்பை உரிமையாளர்கள் ‘திரும்பிப் பார்’, ‘அந்த நாள்’, ‘ரங்கோன் ராதா’ ஆகியவற்றுக்கும் செலவிட வேண்டும். அதுவரை, கிடைக்கும் பிரதியில் ‘அந்த நா’ளையும் ‘புதிய பறவை’யையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எது துணிந்த படம் என்று நீங்களே தீர்ப்பு எழுதுங்கள்.