நெதர் என்றால் கீழ்

போன மாதம் பேரனோடு குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனேன். லவ்டேல் பலகையைப் பார்த்ததும், "தாத்தா, இது காதல் ஊரா?" என்றான். "டேல் என்றால் பள்ளத்தாக்குடா" என்றேன்.

நம் மலையில் வெள்ளைக்காரர் விட்டுப்போன பெயர்களில் இப்படிப் பழஞ்சொற்கள் பல உண்டு. ஹில்குரோவுக்கு அடுத்த ரன்னிமேட் நிலையத்தின் 'மேட்' நம்முடைய மேடு அல்ல, புல்வெளி. இங்கிலாந்தில் 1215இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டாவுக்கு இசைந்த தேம்ஸ் கரைப் புல்வெளியின் பெயர் அது. ஊட்டி சேரிங் கிராஸ் லண்டனிலிருந்து வந்த பெயர். 'சேரிங்' என்பது திருப்பம், வளைவு என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது. தேம்ஸ் நதி அங்கே வளைந்து போகிறது.

இந்தச் சொற்களை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1970களில் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். பழைய வரைபடத்துப் பெயர்களையே பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர் ஒரு நாள் காலையில், 'நெதர் ஃபீல்டில் கொழுந்து' என்று சீட்டு அனுப்பினார். சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக் எல்லாம் துரைமார் பெயர்கள்தானே? நெதரும் ஒரு துரை என்று நினைத்து, பழைய பங்களாவை ஒட்டிய மேல்காட்டைச் சொல்லிவிட்டேன். நாலு நாளைக்கு முன்புதான் அங்கே கொழுந்து எடுத்தார்கள் என்று கங்காணி தயங்கினார். "ஆபீஸ் உத்தரவு" என்றேன்.

நெதர் என்றால் கீழ். நெதர்லாந்து என்பதும் தாழ்ந்த நாடுதான். பெண்கள் கூடையோடு மேலே ஏறி, மறுபடி கீழ்காட்டுக்கு இறங்குவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. செக்ரோலில் எல்லாருக்கும் அரைப்பேர். எழுதியது என் கைதான். தப்பு என்னுடையது என்று நான் வாய் திறக்கவில்லை.

நம் தமிழிலும் மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் வந்தன. மேற்கே மலை, கிழக்கே கடல். நிலத்தின் சரிவே திசையாயிற்று. மேடு பள்ளம் பார்த்துப் பெயர் வைத்ததில் அவர்களும் நாமும் ஒன்றுதான். அன்று கங்காணியிடம், "கீழ்காடா, மேல்காடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த அரைநாள் கூலி இன்னும் என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது.