பின்னல் ஊசியும் பெரிய நாளும்

கார்த்திகை மாதம் முடியும் தறுவாயில் டில்லி மாநகரில் வெயிலுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டுவிடும். சித்திரையில் நாம் எந்த வெயிலுக்கு அஞ்சிக் கதவை அடைத்தோமோ, அதே வெயிலைத் தேடி வாயிலுக்கு வருவோம். கிட்வாய் நகரின் அரசாங்கக் குடியிருப்புகளில், ஆண்கள் அலுவலகம் சென்ற பிறகு, பெண்கள் கயிற்றுக் கட்டிலையும் பிரம்பு மோடாவையும் புல்வெளிக்கு இழுத்து வந்து அமர்ந்திருந்த காட்சியை அங்கே குடியிருந்த தமிழர் எவரும் மறந்திருக்கமாட்டார். மடியில் கம்பளி நூல் உருண்டை. கையில் இரண்டு ஊசி. நடுவே ஒரு தட்டில் வறுத்த நிலக்கடலை. பேச்சும் நிற்காது, கையும் நிற்காது.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த ஊசிகளின் வேகம் கூடும். வட இந்தியர் கிறிஸ்துமஸைப் ‘படா தின்’, அதாவது பெரிய நாள் என்பர். அப்பெரிய நாளுக்குள் கணவருக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர், குழந்தைக்குக் குல்லாய், ஊரிலிருக்கும் மாமனாருக்கு ஒரு கழுத்துக்குட்டை என்று கணக்குப் போட்டுப் பின்னுவார்கள். கடையில் வாங்கிய பரிசு யாருக்கும் பொருந்தும். கையால் பின்னியதோ ஒருவரின் தோளையும் மார்பையும் அளந்து, அவருக்கென்றே உருவாவது. தமிழ்நாட்டில் பிறந்த நம் பெண்களுக்கு இக்கலை எங்கிருந்து வந்தது?

தறியில் நெய்வதில் நமக்கு ஈடு சொல்ல இயலாது. உறையூரும் மதுரையும் காஞ்சியும் உலகறிந்தவை. ஆனால் தறியே இல்லாமல், ஒரே இழையை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்து ஆடையாக்கும் வித்தை நம் நாட்டில் தோன்றியதன்று. எகிப்திய மண்ணில் கிடைத்த, பதினொன்று முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையிலான பின்னல் துண்டுகளே இக்கலையின் மிகப் பழைய சின்னங்களாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் பல கம்பளியன்று, பருத்தி என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. அரபு நாடுகளிலிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் பரவி, அங்கே குளிரை வெல்லும் கருவியாகக் கம்பளியோடு இணைந்தது. 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வாழ்விழப்பர் என்று கூறி எலிஸபெத் அரசி அதற்கு உரிமை வழங்க மறுத்தார் என்று சொல்வர். கைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வழக்கு அத்தனை பழையது.

போர்க்களங்களும் இக்கலைக்குப் பெயர்கள் தந்திருக்கின்றன. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ஈடுபட்ட கார்டிகன் பிரபுவின் பெயரே முன்புறம் திறந்த கம்பளிச் சட்டைக்கு வழங்கிற்று. அப்போரில் பாலக்கிளாவா என்ற ஊரில் வாடிய சிப்பாய்களுக்காகப் பின்னப்பட்டதே முகம் மட்டும் தெரியும் குல்லாய். ஆங்கிலத்தில் அதற்குப் பாலக்கிளாவா என்றே பெயர். நாமோ அதை ‘மங்கி குல்லா’ என்கிறோம். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதியில் அதை அணிந்து பஜனைக்கு நடக்கும் பெரியவர் கருங்கடற் கரையின் நினைவுச் சின்னம் ஒன்றைத் தலையில் சுமக்கிறார் என்பதை அறிந்திருக்கமாட்டார்!

தமிழ் பேசும் மண்ணில் இழைப் பின்னல் வேர் ஊன்றிய இடங்களுள் முதலில் நினைக்கத் தக்கது நாகர்கோவில். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்தனர். பெண்களுக்குப் பள்ளி என்பதே விந்தையாக இருந்த காலம் அது. எழுத்தோடு ஒரு கைத்தொழிலும் கற்றால்தான் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் இசைவர் என்று கண்ட மார்த்தா மால்ட், லேஸ் பின்னக் கற்பித்தார். அது ஊசிப் பின்னலன்று. அதன் ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். திண்டு ஒன்றின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிக் குறுக்கிட்டுப் பின்னுவது. வெப்ப நாட்டில் கம்பளிக்கு வேலையில்லை. ஆகவே வெண்ணூல் லேஸ் பொருத்தமாயிற்று.

அப்பள்ளியில் பயின்ற பெண்களுள் சிலர் அடிமைகளாக இருந்தனர். இது மிகையன்று, திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். லேஸ் விற்று வந்த கூலியைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் அவர்களிடையே இருந்தனர் என்று மிஷன் ஆவணங்கள் கூறுகின்றன. ஒரு முழம் லேஸுக்கு எத்தனை நாள், எத்தனை முழத்துக்கு ஒரு பெண்ணின் விடுதலை என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டுகிறது. இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஐரோப்பிய மாதரின் ஆடை விளிம்புகளை அழகு செய்த அந்த லேஸ் நாகர்கோவிலில் பின்னப்பட்ட அதே ஆண்டுகளில், தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடியும் உதையும் பட்டுக்கொண்டிருந்தனர். 1859ஆம் ஆண்டின் அரச அறிக்கை அவ்வுரிமையை அளித்தது. அதிலும் உயர் சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை எஞ்சியது.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றார். கணவர் 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்; அதனால் அவர் பெயர் நம் பாடநூல்களில் நிலைத்தது. தாயிடமிருந்து பெற்ற லேஸ் கலையை மனைவி தேரிக்காட்டுப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இலக்கணம் எழுதியவரை நினைக்கும் வரலாறு, பின்னல் கற்பித்தவரை ஏனோ அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறது. பின்னர் 1897ஆம் ஆண்டில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மேரி லூயிஸ் தெ மெஸ்தர் என்ற துறவியும் அவருடைய சபையினரும் அவ்வூரில் லேஸ் வேலையையும் பூத்தையலையும் வளர்த்தனர்.

நாகர்கோவிலில் தொடங்கிய இழையை இனி டில்லியில் பிடிப்போம்.

1947ஆம் ஆண்டின் பிரிவினையால் மேற்குப் பஞ்சாபிலிருந்து இலட்சக்கணக்கானோர் தலைநகருக்கு வந்து குவிந்தனர். வீடும் நிலமும் போயின. கைப்பழக்கம் மட்டும் உடன் வந்தது. அப்பெண்களின் தையலையும் பின்னலையும் விற்றுக் கொடுப்பதற்காகத் தோன்றிய ‘ரெஃபியூஜி ஹாண்டிகிராஃப்ட்ஸ்’ என்ற கடையில் கிட்டி சிவராவ், ஃபோரி நேரு முதலியோர் பணியாற்றினர். அம்முயற்சியே பின்னாளில் மத்திய குடிசைத் தொழில் விற்பனை நிலையமாக வளர்ந்தது. ஐம்பதுகளில், அரசாங்க ஊழியருக்கென்று குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தபோது, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாவின் மனைவிக்கு அடுத்த வீட்டுக்காரியாக வாய்த்தவர் பெரும்பாலும் பஞ்சாபிப் பெண்மணியே.

இருவருக்கும் பொது மொழி இல்லை. இவர் இந்தியில் பத்துச் சொல் அறிவார். அவர் தமிழில் ஒன்றும் அறியார். ஆனால் பின்னலுக்கு இரண்டு சொல் போதும்: ‘சீதா’, ‘உல்டா’. நேர்ப் பின்னல், எதிர்ப் பின்னல். ஊசி ‘சலாய்’, கண்ணி ‘ஃபந்தா’. டில்லித் தமிழ்ப் பெண்கள் பலருக்கு இந்தி இலக்கணத்துக்கு முன் இச்சொற்களே வசமாயின. குருதட்சணையாக முறுக்கும் அதிரசமும் சென்றன. கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் திரும்பி வந்தன. சாதியும் சமயமும் பாராத பள்ளி அது. கிறிஸ்துமஸுக்குப் பரிசு பின்னிய கிறிஸ்தவச் சகோதரியின் ஸ்வெட்டருக்குக் கழுத்து வெட்டு இறக்கிக் கொடுத்தது சீக்கியப் பாட்டியாகவும், கை சேர்த்துத் தைத்தது ஐயர் வீட்டு மாமியாகவும் இருப்பது அங்கே வியப்பன்று.

நூல் எங்கிருந்து வந்தது? கான்பூரில் 1876ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பளி ஆலையின் ‘லால் இம்லி’ நூலும், பஞ்சாபின் தாரிவால் நூலும் அந்நாளில் பேர்பெற்றவை. லால் இம்லி என்றால் செம்புளி. ஆலை வளாகத்தில் நின்ற புளிய மரத்தின் பெயர். கம்பளிக்குப் புளிய மரத்தின் பெயர் இட்டது நம்மவரை மகிழ்விக்கத்தான் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்! அவ்வாலைகளின் இயந்திரங்கள் பின்னர் ஓய்ந்துவிட்டன.

உழைப்பின் கணக்கையும் சற்றே பார்ப்போம். நடுத்தர உடல்வாகுள்ள ஆண்மகனின் ஸ்வெட்டருக்கு ஓரப் பட்டையை 12ஆம் எண் ஊசியிலும் உடலைச் சற்றுத் தடித்த 10ஆம் எண் ஊசியிலும் பின்னுவது வழக்கம். அகலத்தில் 100 கண்ணி, உயரத்தில் 180 வரிசை என்று கொண்டால் முன்புறத்துக்கு மட்டும் 18,000 கண்ணிகள். பின்புறத்துக்கு அவ்வளவே. இரண்டு கைகளையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். நிமிஷத்துக்கு முப்பது கண்ணி பின்னும் கைக்கும் முப்பது மணி நேரம் வேண்டும். அடுப்பும் குழந்தையும் விட்டுவைக்கும் நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி என்றால் பதினைந்து நாள். தவறி அவிழ்த்தது தனி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்கியவர்தாம் இரண்டு ஸ்வெட்டர்களை ஒருவாறு முடிப்பார்.

ஊருக்கு அனுப்பும் பரிசுக்கு அளவு கேட்டுக் கடிதம் போக வேண்டும். இங்கே, குடியிருப்புக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாயை நினைக்காமல் இருக்க இயலாது. அவர் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்தபோது, 1949ஆம் ஆண்டில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. டில்லி, சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. ‘அப்பாவின் மார்பளவு 36 அங்குலம்’ என்ற செய்தி அவ்வாறு வானில் வந்தது. ஸ்வெட்டரோ துணியில் வைத்துத் தைக்கப்பட்டு, அரக்கு முத்திரை பெற்று, பார்சலாக ரயிலில் சென்றது. உணவு அமைச்சராக இருக்கையில், 1954ஆம் ஆண்டு அக்டோபரில், கிட்வாய் காலமானார்.

நாகர்கோவிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்கு அதை அணிந்து சென்று, வெயில் ஏறுமுன் கழற்றி, நாஃப்தலின் உருண்டையோடு பெட்டியில் வைக்கும் முதியவர்களும் உண்டு. ஆண்டில் மூன்று மணி நேரம் அணிவதற்காக முப்பது மணி நேரம் பின்னிய மகளை எவரும் குறை கூறியதில்லை.

1962ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மட்டும் அந்தப் பரிசுகள் வேறு திசையில் சென்றன. அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படைகள் எல்லையில் தாக்கின. பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளிலும் நம் ஜவான்களில் பலர் பருத்திச் சீருடையில் நின்றனர் என்ற செய்தி வீடுதோறும் சுட்டது. நாடெங்கும் பெண்கள் பின்னத் தொடங்கினர். தலைநகரில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புல்வெளிகளிலும் ஊசிகள் ஓயவில்லை. பாலக்கிளாவாவின் குல்லாய் மீண்டும் போர்முனைக்குச் சென்றது. நவம்பர் 21ஆம் தேதி போர் நின்றது, குளிர் நிற்கவில்லை. கணவரின் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டருக்கென வைத்த நூல் முகமறியாத ஒருவனின் காலுறையாயிற்று. அளவு கேட்க வழியில்லாததால், வீட்டுப் பிள்ளையின் பாதத்தை வைத்து அளந்தனர்.

அதன் பிறகு நூலே மாறிற்று. அக்ரிலிக் இழை வந்தது. லூதியானாவின் இயந்திர ஸ்வெட்டர்கள் கைப்பின்னலின் நூல் விலைக்கும் குறைவாகக் கிடைத்தன. திபெத்திய அகதிகள் அவற்றை டில்லி நடைபாதைகளிலும், குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களிலும் விற்றனர். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. புல்வெளி வெயிலில் கட்டில் போட இடமில்லை. மாடத்தில் ஒரு நாற்காலிக்கு இடமுண்டு.

பழைய பெட்டிகளில் அந்த ஸ்வெட்டர்கள் இன்னும் இருக்கின்றன. கம்பளிப் பின்னலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டினால் சுருக்கம் நீங்கும். மூத்தவனுக்குச் சிறிதாய்ப் போனதை அவிழ்த்து, புது நூல் ஓர் உருண்டை சேர்த்து, இளையவனுக்குக் கோடு போட்ட ஸ்வெட்டராக்கியவர்கள் நம் தாய்மார்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். நீலக் கோட்டுக்கு இடையில் இருப்பது தாத்தாவின் பழுப்பு நூலாக இருக்கக்கூடும்.