டிரம்மு மேல பலகை போட்டா அது கட்டுமரமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். புளியந்தோப்பில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, பால் பாக்கெட்டும் பெரியவர்களுமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா பையன் மாடியிலிருந்து, "மாமா, செம கேட்டமரான்!" என்று கத்தினான். கீழே நின்றிருந்த ஒரு பெரியவர், முன்பு காசிமேட்டில் தொழில் பார்த்தவர், தலையாட்டினார். "இன்னாபா கேட்டமரான்? மரத்த மரத்தோட கட்டுனா கட்டுமரம். டிரம்மு மேல பலகை போட்டா அது தெப்பம்."

அந்த ஒரு வரி என்னை விடவில்லை. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. அதில் சந்தேகம் இல்லை, எல்லா அகராதியும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் இன்று உலகம் கேட்டமரான் என்று சொல்லும் பொருளுக்கும் நம் கட்டுமரத்துக்கும் உறவு பெயரளவில்தான். அங்கே இரண்டு தனித்தனி உடல்கள், நடுவில் இடைவெளி, மேலே தளம். நம்முடையதில் இடைவெளியே கிடையாது. மூன்றோ ஐந்தோ லேசான மரக்கட்டைகளைச் செதுக்கி, முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி வைத்து, பக்கம் பக்கமாக நெருக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. மீனவர்கள் அதைச் சும்மா 'மரம்' என்றுதான் சொல்வார்கள். நாகப்பட்டினம் பக்கம் கோலா மீனுக்குப் போகும் மரம் இன்னும் பெரிது, ஏழு கட்டை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வகைகளையெல்லாம் ஊர் ஊராகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

பொறியாளனாக எனக்குப் பிடித்தது இதுதான்: இதற்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்ற பயமே இல்லை. புகுவதற்கு 'உள்ளே' என்று ஒன்று இருந்தால்தானே! அலை மேலே ஏறும், கட்டைகளுக்கு நடுவே வழிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகத் தூக்கிப்போய் மணலில் காயப்போடுவார்கள். மரம் நீர் குடித்தால் கனத்துவிடும் அல்லவா. தினமும் பிரித்து தினமும் சேர்க்கும் கலம். எங்கள் ஆபீஸில் இதற்கு 'மாடுலர்' என்று பெயர் வைத்து மூன்று மீட்டிங் போடுவோம்.

இதை ஐரோப்பிய வாசகர்களுக்குச் சொன்ன முக்கியமான ஆள் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையனாகவும் இருந்த ஆங்கிலேய மாலுமி, 1690இல் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர். 1697இல் வெளிவந்த தன் பயண நூலில், தென்னமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையின் மரத் தெப்பங்களைப் பற்றிப் பேசும்போது, சோழமண்டலக் கரையில் இதையே கேட்டமரான் என்கிறார்கள் என்று நம்மூர்க் கதையையும் சேர்க்கிறார். ஒன்றிரண்டு கட்டை, ஒரே ஆள், அந்த ஆளின் காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரில் என்கிறார். ஆக, டாம்பியர் தப்பாகச் சொல்லவில்லை. குழப்பம் பிறகு வந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்த கண்டபடி அலைந்தது. 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பூலோன் துறைமுகத்தில் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அவற்றுக்கும் கேட்டமரான் என்று பெயர்! 1876இல் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் மற்றவர்களை முந்திவிட, எதிர்ப்புக் கிளம்பி அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த வகைப் படகுக்குத்தான் பெயர் நிலையாக ஒட்டிக்கொண்டது. இரட்டை உடல் யோசனை நம்முடையது அல்ல, அது பாலினேசியத் தீவுக்காரர்களின் சாதனை. பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது.

இங்கே வாட்ஸ்அப் வரலாற்றாசிரியர்கள் என்மேல் கோபப்படலாம். ராஜேந்திர சோழன் கேட்டமரானில் போய்க் கடாரத்தை வென்றான் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வருகிறது. மெய்க்கீர்த்தி சொல்வது 'கலம்'. ஒரு படையை வங்கக் கடல் தாண்டிக் கொண்டுபோவது கரையோரம் மீன்பிடிக்கும் மரத்தின் வேலை இல்லை. கட்டுமரத்துக்குப் பெருமை வேண்டுமென்றால் அதன் சொந்தக் கதையே போதும். மெட்ராஸில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நின்றன. மசூலா படகு அலையைத் தாண்ட முடியாத நாளிலும் கட்டுமரக்காரர்தான் தலையில் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார்.

பிறகு அந்தத் துறைமுகம் வந்தது. 1881 புயல் உடைத்தும் திரும்பக் கட்டினார்கள். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததில் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்தைக் கடல் தின்ன ஆரம்பித்தது. இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கட்டையை இழுத்து ஏற்றிக் காயப்போட மணல் வேண்டும், கருங்கல் மேல் எதைக் காயப்போடுவது? கட்டுமரம் அழிந்ததற்கு எல்லோரும் ஃபைபர் படகையும் மோட்டாரையும் காரணம் சொல்கிறார்கள். அது பாதிதான். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தது உண்மை, நல்ல மரம் விலை ஏறியதும் உண்மை. ஆனால் வடசென்னையில் மரத்தின் காலடி மண் அதற்கு நூறு வருடம் முன்பே போக ஆரம்பித்துவிட்டது.

சரி, பெரியவர் சொன்ன தெப்பம்? அதற்கும் அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரும்பு டிரம்களை வரிசையாகப் பற்றவைத்து மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். பான்டூன் படகு என்று அது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. எங்கள் தெருப் பையன்களுக்கு இவரைத் தெரியாது. அதே பெயரில் இப்போது இன்னொன்றும் விற்கிறார்கள்: காற்றடைத்த இரண்டு குழாய், நடுவில் ஒரு இருக்கை. தூண்டில்காரர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, காலில் துடுப்புச் செருப்பு மாட்டி உதைத்துக்கொண்டே ஏரியில் மீன் பிடிக்கிறார். அந்த வீடியோவைப் பார்த்தபோது டாம்பியர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரே ஆள், கால்கள் தண்ணீரில்.

இதையெல்லாம் சொல்ல அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். பொறுமையாகக் கேட்டார். "அவனுங்க ஏரியில காத்தடிச்ச டியூப்ல மீன் புடிப்பானுங்க. நம்ம அலையில ரெண்டு நாள் தாங்குமா?" என்றார். பிறகு கயிறு கட்டும் முறையைத் தரையில் விரலால் வரைந்து காட்டினார். எனக்கு இரண்டு முறை கேட்டும் பிடிபடவில்லை.

அந்த நாலு டிரம்? தண்ணீர் வடிந்த அன்றே பையன்கள் கயிற்றை அவிழ்த்து, டிரம்களை வெயிலில் காயவைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கதவு இன்னும் சந்தில் சாய்ந்து நிற்கிறது.