முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டமும் சிவகாசி வட்டாரத் தாய்மாரும்: ஒரு மறுவாசிப்பு

கலையரசனும் விஜயபாஸ்கரும் 2021இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘திராவிட மாடல்’ நூல், தமிழ்நாட்டு மருத்துவ வளர்ச்சியை மக்கள்மயமான பராமரிப்பு என்று விளக்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமம் வரை பரவியதையும், இட ஒதுக்கீட்டால் பல சாதியினரும் மருத்துவர்களானதையும் நூல் ஒரே அரசியலின் விளைவாகக் காண்கிறது. பிரசவ அறை வரை இந்த வாசிப்பை மறுப்பது கடினம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடந்தன. அதற்கடுத்த ஆறு வாரங்களுக்கு வந்தால், விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி வட்டாரத்தில், இந்த வாசிப்பு தடுமாறுகிறது.

காரணம், பேறுகால உதவி இங்கே இரு தடங்களில் வந்தது. முதல் தடம் வேலையோடு பிணைந்தது. 1934ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பேறுகால நலச் சட்டமும், 1961இன் மத்தியச் சட்டமும் முதலாளியைப் பொறுப்பாக்கின. 1961 சட்டத்தின் 4ஆம் பிரிவு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. உதவி பெறத் தேவையான 160 வேலை நாட்களை 1988 திருத்தம் 80 ஆகக் குறைத்தது.

ஆனால் 80 நாள் என்பது வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். கையால் செய்யும் சிறு தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் கலால் வரிச் சலுகை இருந்ததால், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகள் சிறு அலகுகளாகவே பெருகின. பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் வீடுகளுக்குள் போயின. துண்டுக் கூலிக்கு வீட்டில் பெட்டி ஒட்டும் பச்சை உடம்புக்காரியை 4ஆம் பிரிவு எட்டவில்லை.

இரண்டாம் தடம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கிய, மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. நூலாசிரியர்களின் வாதத்துக்கு இது நல்ல சான்று: முதலாளி கொடுக்காததை அரசு கொடுத்தது. அந்த அளவில் அவர்கள் சொல்வது சரியே.

தொகையைவிடத் தவணை அட்டவணையே கவனிக்கத்தக்கது. 2018 ஏற்பாட்டில் ரொக்கம் 14,000; மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வந்தது. ரொக்கத்தில் 10,000 பிரசவத்துக்குப் பிந்தியது: பிரசவத்தின்போது 4,000, குழந்தையின் மூன்றாம் தவணைத் தடுப்பூசிக்குப் பின் 4,000, ஒன்பதாம் மாதத்துக்கு மேல் 2,000. மூன்றாம் தவணை ஊசி போடுவது 14ஆம் வாரத்தில். அதாவது, 1961 சட்டம் ஓய்வு என வகுத்த ஆறு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டியிருந்தது ஒரே ஒரு 4,000 ரூபாய். அடுத்தது அந்த ஓய்வு முடிந்து எட்டு வாரம் கழித்து. இழந்த வருமானத்தை ஈடுகட்டுவது திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2018 அட்டவணையோ பிரசவத்துக்குப் பின் தடுப்பூசி நாட்காட்டியைப் பின்பற்றியது. தாயின் சொந்தப் பரிசோதனை பிரசவத்துக்குப் பிந்திய எந்தத் தவணையிலும் இருக்கவில்லை.

இந்த அட்டவணையைக் கொண்டு, பணத்துக்காகவே சிவகாசிப் பெண்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினர் என்று நிறுவ முடியாது. குடும்பக் கடன், பட்டாசுப் பருவம், மாமியார் வீட்டு நெருக்கடி என்று காரணங்கள் கலந்தே இருக்கும். ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்லலாம்: திட்டம் 19 வயது நிரம்பியோருக்கும் முதல் இரு பிரசவங்களுக்கும் என வரையறுக்கப்பட்டது. இளவயதில் மணமானவரும் மூன்றாம் முறை பெறுபவரும், அதாவது பேற்றுக்குப் பின் கவனிப்பு அதிகம் தேவைப்படுவோரே, வாசலில் நின்றனர். மக்கள்மயம் என்ற சொல்லால் இந்த வரையறையை விளக்க முடியாது.

முதல் தடம் எந்த ஆண்டில் இரண்டாவதற்கு வழிவிட்டது என்று கோடு கிழிப்பது கடினம். 2018ஐ ஒரு சோதனை ஆண்டாகக் கொள்ளலாம். தொகை 18,000 ஆன அதே ஆண்டின் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தில் கருவுற்றிருந்த தொழிலாளிக்கு 80 நாள் கணக்கு மேலும் எட்டாததாகியிருக்கும். அரசுத் தவணை நின்றிருக்காது. இரண்டாம் தடத்தின் வலிமைக்கு இதுவே சிறந்த சான்று. ஆனால் பிரசவத் தவணைக்கு அடுத்த தவணை 14ஆம் வாரம் வரை காத்திருக்க வைத்தது.