பனஞ்சலாகை கட்டிய ஒஸ்ரின்

சென்ற வாரம் கனடாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கியிருக்கிறானாம். வார இறுதிகளில் நடக்கும் அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டப் போகிறானாம்.

"மாமா, யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில இந்தக் காருகளின்ர சட்டத்தை எப்பிடிப் பலப்படுத்தினவை?" என்று கேட்டான்.

"பந்தயத்துக்கு இல்லையடா தம்பி, மூட்டைக்குத்தான் பலப்படுத்தினவை" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் அவன் அந்தக் காரை வெட்டி ஒட்டிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடியது பலரும் அறிந்த செய்தி. அதற்கு எமது பழமைப் பற்றைக் காரணமாகச் சொல்வது வெறும் அலங்காரம். 1960களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீடித்தது. அது தளர்ந்து சில ஆண்டுகளிலேயே போர் வந்தது. இருந்ததைக் கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது, ஓட்டினோம். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகடுகளோடு பல கார்கள் கடைசிவரை ஓடின. அந்த ஸ்ரீ எழுத்துக்கு எதிராக 1957இல் எழுந்த போராட்டம் தனியாக எழுத வேண்டிய கதை.

இந்தக் கார்களை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம்போலத் தோன்றும், எலும்பமைப்பு வேறு. 1952இல் வந்த ஏ40 சோமசெற்றுக்குத் தனியான சட்டம் உண்டு. உடல் அதன்மேல் ஆணியிட்டு இருத்தப்பட்டது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கோ தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதிகள், கூரை ஆகிய அனைத்தும் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. கூரையில்லாத மைனரைச் செய்தபோது தொழிற்சாலையே உட்புறத்தில் மேலதிக வலுவூட்டல் செய்ய வேண்டியிருந்தது. உப்புக் காற்றில் கதவடிப் பகுதி உக்கினால் மைனரின் முதுகெலும்பே உக்கியதாகும். மேலே பூச்சுப் பூசி மறைத்தால் கண்ணை ஏமாற்றலாம், காரை ஏமாற்ற முடியாது.

பந்தயக்காரன் ஏன் சட்டத்தை விறைப்பாக்குகிறான்? வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் முறுக்கப்படுகிறது. சட்டம் முறுகினால் அதுவே இன்னொரு வில்லாகி விடும். சில்லுகளின் கோணம் மாறும். முன் வில்லையும் பின் வில்லையும் எவ்வளவு திருத்தினாலும் பயன் தெரியாது. மூடி திறந்த பிஸ்கற் பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். மூடியை இறுக்கிவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். கணக்காகவும் சொல்லலாம். 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கீறலாக வெட்டிவிட்டால், முறுக்கலை எதிர்க்கும் அதன் வலு 400இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரும்பின் எடை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். போனது மூடிய வடிவம் மட்டுமே. 1962இல் கொலின் சப்மன் லோட்டஸ் 25 பந்தயக் காரைத் தகடுகளாலான மூடிய உடலாகச் செய்து வென்றதன் அடிப்படையும் இதுவே. சாதாரணப் பந்தயக்காரர்கள் திறந்த சட்டத்தின் வாயைத் தகடு வைத்து மூடினார்கள். புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்த பொருத்துகளுக்கு இடையே சிறு சிறு ஒட்டுகளிட்டார்கள். உள்ளே குழாய்க் கூடு அமைத்தார்கள். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும், உலகப் போர்க்கால ஓடுதளங்களான கட்டுக்குருந்தையும் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் இத்தகைய கார்களைக் கண்டவை. சோழவரத்தில் வாடகைக்கார்களின் உடன்பிறப்பான பியட் 1100 சீறிப் பாய்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான். கார் என்றால் சுமை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றரி, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சட்டத்தின் கதையை எவரும் எழுதக் காணோம். மின்சாரமில்லை; ஆகவே மின் ஒட்டு வேலை பெரும்பாலும் இல்லை. உலையில் காய்ச்சிய தகட்டைச் சட்டத்தின் பக்கவாட்டில் வைத்துத் துளையிட்டு, ஆணியடித்து இறுக்கினார்கள். இது சுமையால் சட்டம் கீழ்நோக்கி வளைவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் வாய் திறந்த சட்டத்தின் பக்கத்தில் இன்னொரு தகட்டை ஒட்டினாலும் வாய் திறந்தபடிதானே இருக்கிறது? முறுக்கலுக்கு அது மிகச் சிறிதே உதவும். மூட்டை ஏற்றி மெதுவாக ஓடும் காருக்கு அது போதும்.

போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, உறவினரின் சோமசெற்றில் குழந்தைகளோடு பதினொரு பேர் இருந்தோம். கூரையில் பாய், பானை, அரிசி. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்குமுன் பின்பக்கத்தில் ஓர் ஓசை. கார் ஒரு புறமாகச் சாய்ந்தது. சில மாதங்களுக்கு முன் வைத்த புதிய தகடு அப்படியே இருந்தது. தகடு முடிந்த இடத்தில், அதன் சதுர முனைக்கு நேரே, பழைய சட்டம் வெடித்திருந்தது. கர்ப்பிணியான என் தங்கையும் எழுபது வயதுத் தாயாரும் இறங்கிச் சனத்தோடு நடந்தார்கள். யாரோ வீசிவிட்டுப் போன பனஞ்சலாகையை எடுத்து, முறிந்த காலுக்கு மட்டை வைப்பதுபோலச் சட்டத்தோடு கிணற்றுக் கயிற்றால் வரிந்து கட்டினோம். விடிந்து வெகுநேரம் சென்று சாவகச்சேரியை அடைந்தோம்.

அங்கே ஒரு முதிய கொல்லர் குனிந்து பார்த்தார். "தட்டு முனையை மீன்வாலாட்டம் பிளந்து விட்டிருக்க வேணும், தம்பி. சதுரமா வெட்டினால் பாரமெல்லாம் ஒரு கோட்டில வந்து நிக்கும்" என்றார். பொறியியல் நூல்களும் இதையே சொல்கின்றன: விறைப்பான பகுதி திடீரென முடியும் இடத்தில் தகைவு குவியும். வலுவூட்டிய இடம் முறியாது. அதற்கு அடுத்த இடம் முறியும்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது சுருக்கமானது. முதலில் துருவை வெட்டி எறி; மைனரின் முன் முறுக்குத் தண்டுகளைப் பின்னால் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தைக் கட்டாயம் பார். பிறகு மூட வேண்டியதை மூடு. தகட்டின் மேல் தகடு வைக்காதே. முனைகளைச் சரித்து வெட்டு.

"அந்தச் சோமசெற் இப்ப எங்கே, மாமா?" என்று கேட்டான். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு தெற்கிலிருந்து வந்த ஒருவருக்கு அது விற்கப்பட்டது. கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமென்றார். சட்டத்தைக் குனிந்து பார்த்தவர், கயிறு அறுத்த தழும்பைத் தடவி, இது என்ன என்று கேட்டார். உறவினர் விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார்.