என்ஜின் ஹாரன் பணிக்கு வருமுன்: அமெரிக்க ஒலிச் சோதனையின் அளவும் எல்லையும்

1. ஹாரன் நிறுத்தப்பட்டபோது

1984இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கேட்டும் விளக்கும் மணியும் உள்ள லெவல் கிராசிங்குகளில் இரவு நேரத்தில் ரயில் ஹாரன் அடிப்பதை உள்ளாட்சிகள் தடை செய்யலாம் என்றது அது. தண்டவாளத்தை ஒட்டி வாழ்வோரின் தூக்கத்துக்காக வந்த சட்டம். ஆனால் புளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்பாதையில் தடை இருந்த கிராசிங்குகளின் இரவு மோதல் விகிதம் 195 விழுக்காடு கூடியதைக் கூட்டரசு ரயில் நிர்வாகம் கண்டறிந்தது. 1991 ஜூலையில் அவசர ஆணை பிறப்பித்துத் தடையை நீக்கியது. கேட் மூடியிருந்தும், விளக்கு எரிந்தும், மணி அடித்தும் ஹாரன் இல்லாத குறையை அவற்றால் ஈடுசெய்ய முடியவில்லை.

உயிர்காக்கும் கருவி என்று இப்படி நிறுவப்பட்ட ஒன்றை, பணியில் விடுமுன் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. ஒலி பிறக்கும் விதம்

பிரேக்குக்குக் காற்று தரும் முதன்மைத் தொட்டியிலிருந்தே ஹாரனுக்கும் அழுத்தக் காற்று வருகிறது. வால்வு திறந்ததும் காற்று ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு கூம்பு வழியே பெருகி வெளியேறுகிறது. கூம்பு நீளமானால் சுருதி இறங்கும்.

தொடக்ககால டீசல் என்ஜின்களில் ஒற்றைச் சுருதி ஹாரன் இருந்தது. சாலையில் போவோர் அதை லாரி ஹாரன் என்று நினைத்தார்கள். கனடாவின் ராபர்ட் ஸ்வான்சன் பல கூம்புகளைச் சேர்த்து, நீராவி என்ஜின் விசிலை நினைவூட்டும் கூட்டொலி ஹாரனை உருவாக்கினார். இன்று பரவலாக உள்ள கே5எல்ஏ வகைக்கு ஐந்து கூம்புகள். அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு கூம்பின் தகடு பழுதானாலும் மற்ற நான்கும் ஒலிக்கும். ‘ஹாரன் வேலை செய்கிறது’ என்று எவரும் சொல்லிவிடலாம்.

3. பணிக்கு முந்தைய அளவீடு

3.1 அளவு

முன்னணி என்ஜினின் ஹாரன், அதற்கு முன்னே 100 அடி (சுமார் 30 மீட்டர்) தூரத்தில் குறைந்தது 96 டெசிபல் ஒலிக்க வேண்டும். 110ஐத் தாண்டக் கூடாது. இந்த உச்சவரம்பு 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதியில் சேர்ந்தது. 2006 செப்டம்பர் 18 முதல் தயாரான என்ஜின்களைப் பணியில் விடுமுன் இந்த அளவுக்குச் சோதித்தாக வேண்டும். ஒரு தொகுதியில் மாதிரிகளை மட்டும் சோதிக்கவும் அனுமதி உண்டு.

3.2 களம்

என்ஜின் நேரான, சமதளமான தண்டவாளத்தில் நிற்க வேண்டும். முன்னும் பக்கங்களிலும் 200 அடிக்குள் கட்டடம், பாலம், விளம்பரப் பலகை, பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டி என எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, பலவீனமான ஹாரனுக்கும் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்துவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு. மழையோ பனியோ பெய்யும்போது சோதிக்கக் கூடாது. காற்றின் வேகம் மணிக்கு 12 மைலுக்கு மேல் போகக் கூடாது. சுற்றுப்புற இரைச்சல் ஹாரனைவிடக் குறைந்தது 10 டெசிபல் கீழே இருக்க வேண்டும்.

3.3 அளக்கும் முறை

மைக்கின் உயரம் தண்டவாளத்திலிருந்து 15 அடி. ஓட்டுநர் அறையின் மேலோ தாழ்வாகவோ பொருத்திய ஹாரனுக்கு மட்டும் 4 அடி. அளப்பவர் ஹாரனுக்கும் மைக்குக்கும் நடுவே நிற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் 10 வினாடி ஒலியின் சராசரியைப் பதிய வேண்டும். குறைந்தது ஆறு பதிவுகள் தேவை. அவற்றின் திட்ட விலக்கம் 1.5 டெசிபலைத் தாண்டினால் அந்தச் சோதனை செல்லாது. இந்த விதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒருமுறை ஓங்கி ஒலித்து அடுத்த முறை தளரும் ஹாரனை அது தப்பவிடாது. சோதித்தவர் கையொப்பத்துடன் அறிக்கையைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

‘முன்னே’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஓட்டுநரின் காதைக் காக்க ஹாரனைக் கூரையின் நடுப்பகுதிக்கு மாற்றிய என்ஜின்கள் உண்டு. அப்போது என்ஜினின் மேற்பகுதியே முன்னோக்கிப் போகும் ஒலியை மறைக்கிறது. அருகில் நிற்பவருக்குக் காது அடைக்கும். கிராசிங்கில் நிற்பவருக்கு ஒலி குறைவாகவே போய்ச்சேரும்.

4. 96 டெசிபல் எதற்குப் போதும்?

கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 வினாடி முன்பே ஹாரன் அடிக்கத் தொடங்க வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். மணிக்கு 60 மைல் வேகத்தில் 15 வினாடி என்பது கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர்.

தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் 96 என்றால் 400 மீட்டரில் ஏறக்குறைய 74. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதிலும் 20 டெசிபலுக்கு மேல் குறைந்து, 50ஐ ஒட்டி வந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடும் காரின் உள்ளிரைச்சலே அதைவிட அதிகம். ஆக, 96 என்பது தாராளமான அளவு அல்ல. அதற்குக் கீழே இறங்க இடமே இல்லை.

5. தினசரி ஆய்வும் அதன் குறையும்

பயன்பாட்டில் உள்ள என்ஜினை ஒவ்வொரு நாளும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது விதி. அதற்கு மேல், வழக்கமான என்ஜின்களுக்கு 92 நாளைக்குள் ஒரு முறை விரிவான ஆய்வு. தினசரி ஆய்வில் ஒலிமானி கிடையாது. பணியாளர் கைப்பிடியை இழுக்கிறார், ஹாரன் ஒலிக்கிறது, என்ஜின் கிளம்புகிறது. கூம்புக்குள் பனி அடைத்திருந்தாலும், தகடு விரிசல் விட்டிருந்தாலும், வால்வில் காற்றுக் கசிந்தாலும் ஏதோ ஓர் ஒலி வரத்தான் செய்யும்.

96இல் தேறிய ஹாரன் காலப்போக்கில் 90க்கு இறங்கினால், 400 மீட்டரில் கேட்ட ஒலி 200 மீட்டருக்கு வந்த பிறகே கேட்கும். 15 வினாடி எச்சரிக்கை ஏழரை வினாடியாகச் சுருங்கிவிடும். பணிமனைக்கு வெளியே முழுச் சோதனை நடத்துவது கடினம் என்பது உண்மை. அதற்கான திறந்த வெளி எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் 92 நாள் ஆய்வின்போது ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் ஒலிமானியை வைத்து, என்ஜினின் முந்தைய பதிவோடு ஒப்பிட்டால் போதும்; தேய்மானம் தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும்.