அறுந்த காதும் ஒட்டிய காதும்

மலர்க் குழுவினர், "சார், நம்ம துறை வரலாற்றிலிருந்து எதையாவது எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். இதய மாற்று, சிறுநீரக மாற்று பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக் கொண்டது அரை மணி நேரத்து ஆபரேஷன் ஒன்று: அறுந்த காதுச் சோணையைச் சேர்த்துத் தைப்பது. சின்ன வேலைதான், ஆனால் பிளாஸ்டிக் சர்ஜரியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் 16-ஆம் அத்தியாயம் பெரும்பாலும் காதைப் பற்றியதே. முதலில் காது குத்தும் முறை. அடுத்து, கிழிந்த சோணையை இணைக்கும் 15 வகைகள். சக்கர விளிம்பு போல, கதவு போல என்று கிழிசலின் அமைப்பைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் கடைசி ஐந்தும் தேறாதவை என்று நூலே சொல்லிவிடுகிறது. சதை வற்றி, நுனி சுருங்கி, ரத்தம் குறைந்த காதுக்குக் 'காக்கை உதடு' என்று பெயர். எதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தல்லவா கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்!

மயக்க மருந்து இல்லாத காலம். நோயாளிக்கு லேசான உணவு கொடுத்து, தலைமுடியைக் கட்டி, வேண்டியவர்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரத்தம் நின்றபின் மேடுபள்ளமில்லாமல் விளிம்புகளைச் சேர்ப்பார்கள். தேனும் நெய்யும் தடவி, பஞ்சும் துணியும் வைத்து, நூலால் இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாமல் கட்டு. மூன்று நாள் கழித்துப் பஞ்சு மாற்றம். அதிகம் பேசக்கூடாது என்றும் பத்தியம் உண்டு!

சோணையே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையை எடுத்துப் பொருத்துவதும் உண்டு. அந்தச் சதை கன்னத்தோடு தொடர்பு அறாமல், உயிரோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் இன்று 'ஃபிளாப்' என்கிறோமே, அதேதான். அதே அத்தியாயம் மூக்குச் சீரமைப்போடு முடிகிறது. புனே பகுதியில் காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ அதை அங்கே செய்து பார்த்தார்.

நம் தென் மாவட்டங்களுக்கு வருவோம். சிறு வயதிலேயே காது குத்தி, பஞ்சு திணித்து, ஈயக் குணுக்கு மாட்டிக் காது வளர்த்து, பாம்படமும் தண்டட்டியும் போட்ட காலம் இருந்தது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது, கொழுப்பும் நார்த்திசுவும்தான். பாரம் இழுக்க இழுக்க நீளும், ஒரு நாள் அறும். அறுந்தால் 'மூளி' என்ற வசவு வேறு. பிறகு நாகரிகம் மாறியது. அழகென்று வளர்த்த காதே வெட்கமாகிவிட்டது. "ஐயா, இந்தத் தொங்கக் காதை ஒட்டிவிட்டுருங்க, பேத்தி சிரிக்கா" என்று என்னிடம் வந்த ஆச்சிமார் பலர். சிலர், "ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க, கம்மல் போடணும்" என்பார்கள்.

இரண்டும் வேறு வேறு ஆபரேஷன். கிழிசலின் ஓரத்தில் வளர்ந்த தோலைச் சீவி எடுத்தால்தான் காது ஒட்டும். நேர்கோட்டில் தைத்தால் தழும்பு சுருங்கி விளிம்பில் பள்ளம் விழலாம். ஆகவே இசட் வடிவத் தையல். சிங்கப்பூர் டாக்டர் கூ பூ-சாய் 1961-இல் இந்தப் பிளந்த காதைப் பற்றி எழுதினார். துளையைக் காப்பாற்றித் தைக்கும் முறையை 1973-இல் பார்டூ வெளியிட்டார். துளையை மூடினால் சில மாதம் பொறுத்து, தழும்பை விட்டுத் தள்ளிக் குத்த வேண்டும்.

தம்பி, தங்கைகளே! கத்தியை எடுக்குமுன், "ஆச்சி, கம்மல் போடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தையல் நம்முடையது, காது அவர்களுடையது.